மூக்கு கனத்த விமானத்துக்குக் கழற்றி மாட்டும் எடை: ஓர் எளிய விளக்கம்

கிட், அதாவது பாகங்களின் தொகுப்பு, வாங்கித் தன் கையால் பூட்டிய விமானம், தனி ஆளாகப் பறக்கும்போது மூக்கு கனக்கிறது என்று ஒருவர் சொன்னால், அவருக்குக் கிடைக்கும் யோசனைகள் பெரும்பாலும் மூன்று. டிரிம்மை, அதாவது விமானியின் கைப் பளுவைக் குறைக்கும் வசதியை, இழுத்துவிட்டால் சரியாகிவிடும் என்பது ஒன்று. பின்னால் ஒரு மணல் மூட்டையைப் போடு என்பது இன்னொன்று. மூக்கு கனம் நல்லதுதான், விமானம் ஆடாமல் போகும் என்பது மூன்றாவது. ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் எத்தனை எடை, எந்த இடத்தில், எப்போது அதை இறக்கிவிட வேண்டும் என்ற கேள்விகளுக்கு இவற்றில் பதில் இல்லை. அந்தப் பதிலைப் புரிந்துகொள்ளப் பள்ளிக்கூடக் கணக்கே போதும்.

விளக்கத்துக்கு அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்திலுள்ள வேன்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் ஆர்வி-10 விமானத்தை எடுத்துக்கொள்வோம். 2003-இல் முதலில் பறந்த, நான்கு பேர் அமரும் கிட் விமானம். முன்னால் 260 குதிரைத்திறன் கொண்ட லைகமிங் ஐஓ-540 எஞ்சின். நான்கு பேரோடு அழகாகச் சமநிலையில் பறக்கும் இதே விமானம், ஒல்லியான ஒருவர் மட்டும் ஏறி உட்கார்ந்தால் மூக்கைத் தொங்கப்போடும்.

முன்பாரமும் பின்பாரமும்

மாட்டு வண்டியில் பாரம் ஏற்றுபவருக்கு இந்த விஷயம் நன்றாகத் தெரியும். அச்சுக்கு முன்னால் பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும், அது முன்பாரம். பின்னால் கூடினால் நுகத்தடி மேலே எழும்பிக் கழுத்துக் கயிறு இறுகும், அது பின்பாரம். நல்ல வண்டிக்காரர் இலேசான முன்பாரம் வைத்துத்தான் வண்டி கட்டுவார். வண்டியில் ஏறுபவர்களைப் பார்த்து, ‘கொஞ்சம் பின்னால தள்ளி உக்காருங்க’ என்பார். மொத்த எடை மாறுவதில்லை. எடை இருக்கும் இடம்தான் மாறுகிறது.

விமானத்திலும் எல்லா எடையும் ஒரே புள்ளியில் குவிந்திருப்பதாகக் கொள்ளலாம். அந்தப் புள்ளியைப் பிடித்துத் தூக்கினால் விமானம் எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும். அதுதான் எடை மையம். விமானக்காரர்கள் சுருக்கமாக சிஜி என்பார்கள். இந்த சிஜி எந்தெந்த இரு எல்லைகளுக்கு நடுவே இருக்கலாம் என்பதை வடிவமைத்தவர் எழுதிக் கொடுத்திருப்பார். மூக்கு கனத்தது என்றால் சிஜி முன் எல்லையை ஒட்டியோ, அதையும் தாண்டியோ இருக்கிறது என்று பொருள்.

வாலின் வேலை

வண்டியின் முன்பாரத்தை மாடு தாங்குகிறது. விமானத்தின் முன்பாரத்தைத் தாங்குவது வால். இறக்கையின் தூக்குவிசை சிஜிக்குச் சற்றுப் பின்னால் செயல்படுவதால் மூக்கு கீழே போகப் பார்க்கும். வாலிலுள்ள கிடைச் சிறகு காற்றைப் பயன்படுத்தித் தன்னைத் தானே கீழ்நோக்கி அழுத்திக்கொண்டு மூக்கை நிமிர்த்தி வைக்கிறது. அந்தச் சிறகின் பின்பகுதியில் கீல் வைத்து மேலும் கீழும் ஆடும் பலகைக்கு எலிவேட்டர் என்று பெயர். விமானி கட்டுப்பாட்டுக் குச்சியைத் தன் பக்கம் இழுத்தால் எலிவேட்டர் மேலே திரும்பும், வால் இன்னும் அழுந்தும், மூக்கு எழும்.

இங்கே கவனிக்க வேண்டியது வேகம். வால் தரும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். வேகம் பாதியானால் விசை கால் பங்காகிவிடும். அதனால்தான் மேலே வேகமாகப் போகும்போது மூக்கு கனம் பெரிதாகத் தெரியாது. தரையிறங்கும் கடைசி நொடிகளில்தான் அது வெளியே வரும்.

அந்த நொடிகளில் வாலுக்கு எதிராக மூன்று விஷயங்கள் ஒன்றுசேர்கின்றன. வேகம் குறைந்திருக்கிறது. ஃபிளாப், அதாவது இறக்கையின் பின்விளிம்பில் கீழிறங்கும் பலகை, முழுதாக விரிந்து மூக்கை இன்னும் கீழே தள்ளுகிறது. தரையை நெருங்கும்போது இறக்கையிலிருந்து வாலை நோக்கிக் கீழ்முகமாக வரும் காற்றோட்டம் தளர்ந்துவிடுவதால், வால் அழுந்த எலிவேட்டரை இன்னும் அதிகமாகத் திருப்ப வேண்டியிருக்கிறது. குச்சி வயிற்றில் முட்டி நிற்கும், மூக்கோ எழும்பாது. முதலில் மூக்குச் சக்கரம் தரையில் மோதும், விமானம் துள்ளும், துள்ளலை அடக்க விமானி குச்சியைத் தள்ள, அடுத்த மோதல் இன்னும் பலமாக விழும். மூக்குச் சக்கரத்தின் கால் வளைவதும் புரொப்பெல்லர் தரையைத் தொடுவதும் இப்படித்தான்.

டிரிம் இதைத் தீர்க்காது. டிரிம் என்பது எலிவேட்டரின் ஓரத்திலுள்ள சிறு தகட்டைத் திருப்பி, விமானியின் கை தாங்கும் பளுவைக் குறைக்கும் வசதி. கை வலி போகும். எலிவேட்டர் திரும்பக்கூடிய எல்லை ஓர் இம்மியும் கூடாது.

மூக்கு கனம் நல்லது என்ற பேச்சுக்கும் அளவு உண்டு. சிஜி முன்னால் இருந்தால் விமானம் தன்னிலைக்குத் திரும்பும் குணம் கூடும் என்பது சரி. ஆனால் வால் எவ்வளவு கீழே அழுத்துகிறதோ, அவ்வளவையும் இறக்கை கூடுதலாகச் சுமக்க வேண்டும். ஸ்டால் வேகம், அதாவது இறக்கை தூக்குவிசையை இழக்கத் தொடங்கும் வேகம், உயரும். காற்றுத்தடை கூடி எரிபொருளும் கொஞ்சம் அதிகம் போகும்.

இதுவரை பார்த்தது: மூக்கு கனத்தைச் சுமப்பது வால், வாலின் பலம் வேகத்தைப் பொறுத்தது, ஆகவே இறங்கும்போதுதான் சிக்கல்.

குறை விமானத்திலா, ஏற்றத்திலா?

ஆர்வி-10-இல் பின் இருக்கைகளும் சாமான் பகுதியும் சிஜிக்கு வெகு பின்னால் இருக்கின்றன. அவற்றை நிரப்பினாலும் பின் எல்லையைத் தாண்டக்கூடாது என்றால், காலி விமானத்தின் சிஜி முன்னால்தான் இருந்தாக வேண்டும். நான்கு இருக்கைக்குக் கொடுக்கும் விலை இது. வடிவமைப்பாளர்கள் பேட்டரியை ஏற்கெனவே சாமான் பகுதிக்குப் பின்னால் வைத்தும் இந்த நிலை. கட்டுபவர் மூன்று இதழ் உலோக புரொப்பெல்லர் மாதிரி கனமான பொருளை மூக்கில் மாட்டினால் இன்னும் மோசமாகும். அமெரிக்காவில் புதிதாகக் கட்டிய விமானத்தின் முதல் 25 அல்லது 40 மணி நேரச் சோதனைப் பறப்பு பெரும்பாலும் ஒற்றை ஆளாகவே நடக்கும் என்பதால், விமானமும் புதிது, ஏற்றமும் மிகமோசமான முன்பாரம் என்று இரண்டும் சேர்ந்துகொள்கின்றன.

ஆகவே மூக்கு கனம் என்பது விமானத்தின் நிரந்தர குணம் அல்ல, அன்றன்றைய ஏற்றத்தின் குணம். பேலஸ்ட், அதாவது சமநிலைக்காகவே ஏற்றும் எடை, அன்றன்றைக்கு ஏற்றி இறக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது இதிலிருந்தே வருகிறது. எப்படி ஏற்றினாலும் எல்லைக்கு வெளியே நிற்கும் விமானத்துக்கு மட்டுமே போல்ட் போட்டு நிரந்தரமாகப் பொருத்தும் ஈயக் கட்டி பொருந்தும். நான்கு இருக்கை விமானத்தில் அப்படிப் பொருத்தினால், நால்வர் ஏறும் நாளில் அது பின்பாரமாகத் திரும்பி நிற்கும்.

பேலஸ்டுக்கு முன் ஒன்று செய்யலாம். எப்படியும் கூடவே கொண்டுபோகும் பொருள்களை, அதாவது கருவிப் பெட்டி, விமானத்தைத் தரையோடு கட்டும் கயிறும் முளையும், உறை, எண்ணெய்ப் பாட்டில்கள் இவற்றைச் சாமான் பகுதிக்கு மாற்றிப் பாருங்கள். பத்துப் பதினைந்து பவுண்டு பயனுள்ள எடையாகவே அங்கே சேர்ந்துவிடும்.

முதலில் எடை போடுங்கள்

ஊகத்தை வைத்துக் கணக்குப் போடக்கூடாது. ஹேங்கர், அதாவது விமானக் கொட்டகை, கதவைச் சாத்தி, காற்று புகாமல் பார்த்துக்கொண்டு, மூன்று சக்கரங்களுக்கும் கீழே மூன்று தராசு வைத்து, விமானத்தை மட்டம் பார்த்து நிறுத்தி எடை எடுக்க வேண்டும். எஞ்சின் எண்ணெய் முழு அளவு இருக்கட்டும். எரிபொருளில் டாங்கியிலிருந்து எடுக்கவே முடியாத மிச்சம் மட்டும் இருக்கட்டும். உள்ளே மறந்துபோன ஸ்பானர் முதல் இருக்கைக்கு அடியில் கிடக்கும் துணி வரை எல்லாம் வெளியே.

இனி இரண்டு சொற்கள். எல்லாத் தூரத்தையும் அளக்கத் தொடங்கும் கற்பனைக் கோடு டேட்டம். ஆர்வி-10-க்கு அது இறக்கையின் முன்விளிம்புக்கு 99.44 அங்குலம் முன்னால் இருக்கிறது. ஒரு பொருளின் எடையை டேட்டத்திலிருந்து அது இருக்கும் தூரத்தால் பெருக்கினால் வருவது திருப்புத்திறன். எல்லாத் திருப்புத்திறன்களையும் கூட்டி மொத்த எடையால் வகுத்தால் சிஜி எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஆர்வி-10-இன் சிஜி 107.84 அங்குலத்திலிருந்து 116.24 அங்குலம் வரை இருக்கலாம்.

ஓர் உதாரணக் கணக்கு

காலி எடையும் அதன் தூரமும் இங்கே உதாரணத்துக்காக எடுத்தவை. உங்கள் விமானத்துக்கு உங்கள் தராசு சொல்வதுதான் எண்.

காலி விமானம்: 1620 பவுண்டு × 106.0 அங்குலம் = 1,71,720
விமானி: 150 × 114.58 = 17,187
எரிபொருள் 20 கேலன்: 120 × 108.9 = 13,068
மொத்தம்: 1890 பவுண்டு, திருப்புத்திறன் 2,01,975

வகுத்தால் 106.87 அங்குலம். முன் எல்லையைவிட ஏறக்குறைய ஓர் அங்குலம் முன்னால். இப்படிப் பறக்கக்கூடாது. விமானி சிஜிக்குப் பின்னால் உட்காருகிறார் என்பதைக் கவனியுங்கள். ஆகவே எடை குறைந்த விமானிக்குத்தான் பேலஸ்ட் அதிகம் தேவைப்படும். எரிபொருளும் சிஜிக்குச் சற்றுப் பின்னால் இருப்பதால், எரிய எரிய மூக்கு இன்னும் கனக்கும். புறப்படும்போது விளிம்பில் இருந்தால் இறங்கும்போது விளிம்புக்கு வெளியே.

எல்லைக் கோட்டிலேயே நிற்காமல் சிஜி 108.3-க்கு வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதாவது 1.43 அங்குலம் பின்னால் போக வேண்டும். சூத்திரம் இதுதான்:

தேவையான பேலஸ்ட் = மொத்த எடை × சிஜி நகர வேண்டிய தூரம் ÷ பேலஸ்ட் வைக்கும் இடத்துக்கும் நாம் விரும்பும் சிஜிக்கும் இடையிலுள்ள தூரம்

சாமான் பகுதி 173.5 அங்குலத்தில் இருக்கிறது. 173.5-இலிருந்து 108.3-ஐக் கழித்தால் 65.2. 1890 × 1.43 ÷ 65.2 = 41.5, முழுதாக்கி 42 பவுண்டு, சுமார் 19 கிலோ. சரிபார்த்தால் 1932 பவுண்டு, சிஜி 108.31. எரிபொருளில் 100 பவுண்டு எரிந்த பிறகும் 108.28. எல்லைக்குள்ளேயே நிற்கிறது.

பேலஸ்டைப் பின் இருக்கையில், 151.26 அங்குலத்தில் வைத்தால் 63 பவுண்டு வேண்டும். தூரம் குறையக் குறைய எடை கூடும். அப்படியானால் இன்னும் பின்னால், வால் கூம்புக்குள் வைத்தால் இன்னும் குறைந்த எடையே போதுமே என்று தோன்றும். வேண்டாம். அங்கே தரை என்று எதுவும் கிடையாது, மெல்லிய தகடுதான். எலிவேட்டரை இயக்கும் தண்டுகளும் அந்த வழியாகத்தான் போகின்றன. ஒரு பை நழுவி அவற்றில் சிக்கினால் எந்தக் கணக்கும் கைகொடுக்காது.

சுருக்கமாக: காலி விமானத்தைச் சரியாக எடை போடுங்கள், அன்றைய ஏற்றத்தோடு சிஜி பாருங்கள், பற்றாக்குறைக்குச் சூத்திரம் போடுங்கள், புறப்பாடு, இறக்கம் இரண்டுக்கும் சரிபாருங்கள்.

இறக்க மறந்தால்

பேலஸ்டில் நிஜமான அபாயம் இங்கேதான் இருக்கிறது. சனிக்கிழமை தனியாகப் பறந்தவர் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போகிறார். முன்னால் இருவர் 320 பவுண்டு, பின்னால் இருவர் 320 பவுண்டு, பெட்டிகள் 80 பவுண்டு, எரிபொருள் 180 பவுண்டு. பேலஸ்ட் இல்லாமல் சிஜி 115.19, எல்லைக்குள் இருக்கிறது. 120 பவுண்டு எரிபொருள் எரிந்து இறங்கும்போதும் 115.50, சரிதான்.

நேற்றைய 42 பவுண்டு பெட்டிகளுக்கு அடியில் அப்படியே கிடந்தால்? புறப்படும்போது 116.14. பின் எல்லையான 116.24-க்கு மயிரிழை உள்ளே. மொத்த எடை 2562, அனுமதித்த 2700-க்கும் கீழே. எல்லாம் சரியாகத் தெரியும். ஆனால் இப்போது எரிபொருள் சிஜிக்கு முன்னால் இருக்கிறது. எரிய எரிய சிஜி பின்னால் போகும். இறங்கும்போது 116.50, எல்லைக்கு வெளியே. சாமான் பகுதியின் 100 பவுண்டு வரம்பையும் 122 ஏற்கெனவே தாண்டிவிட்டது. பின்பாரம் முன்பாரத்தைவிடக் கொடியது: குச்சி தொட்டாலே மூக்கு துள்ளும், ஸ்டால் ஆனால் மூக்கைத் தாழ்த்தி மீட்பது கடினம்.

எதை ஏற்றலாம்?

தண்ணீர் பலருக்கு முதல் தேர்வு. ஒரு கேலன் 8.34 பவுண்டு என்பதால், 5 கேலன் கேனில் 41.7 பவுண்டு, நம் கணக்குக்கு ஏறத்தாழ அப்படியே பொருந்துகிறது (கேனின் எடையையும் சேருங்கள்). போன இடத்தில் நண்பர் ஏறிக்கொண்டால் கொட்டிவிட்டுத் திரும்பலாம், திரும்பி வந்து நிரப்பலாம். கேனை விளிம்பு வரை நிரப்ப வேண்டும். அரைக் கேன் தண்ணீர் உள்ளே அலைந்து எடையை அங்குமிங்கும் தள்ளும். கசிந்தால் பின்னாலிருக்கும் பேட்டரிக்கும் வயர்களுக்கும் கேடு. குளிர்நாட்டில் இரவு ஹேங்கரில் விட்டால் உறைந்து கேன் வெடிக்கும்.

ஈயக் குண்டுப் பைகள் அமெரிக்காவில் 25 பவுண்டு மூட்டைகளாகக் கிடைக்கின்றன. இடத்தை அடைக்காது, 42 பவுண்டு மூன்று லிட்டருக்குள் அடங்கிவிடும். அதுவே அதன் குறையும்கூட, எல்லா எடையும் ஒரே இடத்தில் தரையை அழுத்தும். கீழே ஒரு பிளைவுட் பலகை போட்டு எடையைப் பரப்ப வேண்டும். ஈயம் நஞ்சு என்பதால் இரட்டைக் கான்வாஸ் பையில் தைத்து மூடி, தொட்ட பிறகு கை கழுவ வேண்டும்.

மணல் மலிவு. உலர்ந்த மணலாக இருக்கட்டும். ஈர மணல் காய்ந்தால் எடையும் மாறும். தையல் விட்டுக் கொட்டினால் விமானத்தின் மூலை முடுக்கெல்லாம் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பதால், தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டு அதன்மேல் கான்வாஸ் பை.

உப்பு வேண்டாம். தண்ணீரை மென்மையாக்கும் இயந்திரங்களுக்கான 40 பவுண்டு உப்பு மூட்டை அமெரிக்காவில் பல கடைகளில் கிடைக்கும்; எடையும் கச்சிதமாகத் தோன்றும். ஆனால் கொஞ்சம் சிந்தி ஈரம் பட்டால் போதும், அலுமினியத்தை அரித்துத் தின்றுவிடும். உரமூட்டைக்கும் இதே கதைதான்.

எதுவாக இருந்தாலும் ஒரே பெரிய மூட்டையாக இல்லாமல், 10 முதல் 20 பவுண்டு வரையிலான பைகளாகப் பிரித்துக் கட்டுவது நல்லது. எடை அதிகமான விமானி வந்தால் ஒன்றை எடுத்துவிடலாம். சாமான் கதவு வழியாகக் குனிந்து தூக்கும்போது இடுப்பும் பிடிக்காது.

கட்டும் முறை

பேலஸ்ட் விமானியின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. விமானம் எங்காவது மோதி நின்றால் அது முன்னோக்கித்தான் வரும். சிறிய விமானங்களின் வடிவமைப்பு விதிகளில் முன்னோக்கிய மோதலுக்கு 9 ஜி, அதாவது எடையைப் போல 9 மடங்கு விசை என்று எடுத்துக்கொள்வது வழக்கம். 42 பவுண்டு அந்த நொடியில் 378 பவுண்டாக இழுக்கும். ரப்பர் கொக்கிக் கயிறு இதற்கு ஆகாது. தாங்கும் எடை அச்சிட்ட நாடாவும் உலோகப் பக்கிளும் வேண்டும்.

நாடாவை விமானத்தின் எலும்புக்கூட்டில் ரிவெட் அல்லது போல்ட் போட்ட வளையங்களில் மாட்டுங்கள். கம்பளத்திலோ பிளாஸ்டிக் பலகையிலோ திருகிய கொக்கியை நம்பக்கூடாது. இரண்டு நாடாக்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு இறுக்கினால் முன்னாலும் நகராது, காற்றுச் சுழலில் விமானம் திடீரென்று அமுங்கும்போது மேலேயும் எழும்பாது. கட்டிய பின் பையைப் பிடித்து இரு கையாலும் உலுக்குங்கள். ஓர் அங்குலம் அசைந்தாலும் அவிழ்த்துக் கட்டுங்கள்.

எழுதி வைப்பதும் பறந்து பார்ப்பதும்

அமெரிக்க விமான நிர்வாகமான எஃப்ஏஏ-வின் வழிகாட்டுதல்படி, தற்காலிக பேலஸ்ட் பையின் மேல் அதன் எடையையும், அகற்றினால் எடைச் சமநிலையைச் சரிபார்க்க வேண்டும் என்ற எச்சரிக்கையையும் எழுத வேண்டும். போல்ட் போட்ட நிரந்தர பேலஸ்டுக்குச் சிவப்பு வண்ணம் பூசி, அகற்றக்கூடாது என்று எழுதுவது வழக்கம். தற்காலிகப் பையோடு ஒரு நீள நாடாவைத் தைத்து, மறுமுனையைக் கதவுக்கு வெளியே தெரியும்படி விட்டு வைத்தால், பெட்டி ஏற்ற வருபவர் கண்ணில் அது பட்டே தீரும். விமானியின் முன்னாலுள்ள சோதனைப் பட்டியலிலும் ‘பேலஸ்ட்: உள்ளே / வெளியே’ என்று ஒரு வரி வேண்டும்.

முதல் பறப்பில் கணக்கை நம்பி நேராக இறங்கப் போகாதீர்கள். பாதுகாப்பான உயரத்தில் வேகத்தைக் குறைத்து, ஃபிளாப்பைப் படிப்படியாக விரித்து, இறங்கும் வேகத்தில் குச்சி எவ்வளவு பின்னால் வந்திருக்கிறது என்று பாருங்கள். அதற்குப் பின்னும் கணிசமான இழுப்பு மிச்சம் இருக்க வேண்டும், தரைக்கு அருகில் இன்னும் தேவைப்படும். மிச்சம் குறைவாக இருந்தால் அன்றைக்குப் பாதி ஃபிளாப்போடும் கொஞ்சம் எஞ்சின் சக்தியோடும் இறங்கிவிட்டு, மறுபடி கணக்குப் போடுங்கள். அடுத்தடுத்த பறப்புகளில் 10 பவுண்டு கூட்டிப் பார்த்து, எந்த எடையில் இறக்கம் இதமாகிறது என்பதை விமானி எடை, எரிபொருள் அளவோடு சேர்த்துக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

புரொப்பெல்லரையோ பேட்டரியையோ மாற்றினால் இந்தக் குறிப்புகளெல்லாம் செல்லாது. பேலஸ்டை முழுதாக வெளியே எடுத்துவிட்டு, மூன்று தராசையும் மறுபடி சக்கரங்களுக்குக் கீழே தள்ளிக் காலி எடையிலிருந்து தொடங்க வேண்டும்.